கட் சொன்ன பிறகு

இணையத்துக்கு நகைச்சுவைத் தொடர்கள் எடுக்கும் அந்த நிறுவனத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். எடுத்த காட்சிகளை வெட்டி ஒட்டுவது அவள் வேலை. இயக்குநர் ‘கட்’ சொன்ன பிறகும் கேமரா சற்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாலை அன்று மாலையே அழித்துவிடுவாள். கணினியில் இடமில்லை என்று யாரும் புலம்பும்படி விட்டதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

தொடரில் மாமனாராக நடித்து, எல்லாருக்கும் மாமாவாகவே ஆகிப்போனவர் ஒரு நாள் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். சில வாரங்கள் கழித்து அவர் மனைவி எடிட்டிங் அறைக்கு வந்தார். வீட்டில் போனைத் தூக்கினாலே மனிதர் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். ஒரு வீடியோகூடக் கிடையாதாம்.

“சிரிக்க வைக்கப் பேசினதை ஊரே பார்த்தாச்சு. சும்மா பேசினது ஏதாவது இருக்காம்மா?”

கத்திரி கணினிப் பக்கம் திரும்பினாள். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

மிஞ்சியிருந்தவை ஒவ்வொரு காட்சியும் தொடங்குமுன் கிளாப் பலகை அடிக்கும் கணங்கள்தான். படத்தையும் ஒலியையும் பொருத்த அந்தச் சத்தம் வேண்டும் என்பதால் அவற்றைத் தொட்டதில்லை. அவற்றைக் கோத்துப் போட்டுக் காட்டினாள். பலகைக்குப் பின்னால் மாமா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ஒலிப்பதிவுக்காக ஃபேனை நிறுத்தாதீர்கள் என்று கெஞ்சினார். தலையைச் சொறிந்தபடி வசனத்தை முணுமுணுத்தார்.

“சாவியத் தேடறப்ப இப்படித்தான் நிப்பார்,” என்றார் மனைவி. பிறகு திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், “கட் சொன்னதும் என்ன பேசுவார்?” என்று கேட்டார்.

இனி மழுப்ப முடியாது.

“அதையெல்லாம் நான்தான் அழிச்சேன். அழிச்சா திரும்ப வராதும்மா.”

அந்த அம்மாள் கோபப்படவில்லை. கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எழுந்துவிடுவார் என்று தெரிந்ததும், கத்திரி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அதிகம் பேசிப் பழக்கமில்லாதவள்.

“ஆனா, அழிக்கிறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பார்த்திருக்கேன். ஞாபகம் இருக்கிறதைச் சொல்லட்டுமா?”

கைப்பை மடியிலேயே இருந்தது.

“ஒரு தடவை கட் சொன்னதும் யாரோ பிஸ்கட் நீட்டினாங்க. ரெண்டு எடுத்தார். ஒண்ணை வாயில போட்டுக்கிட்டு, இன்னொண்ணைச் சட்டைப்பையில போட்டுக்கிட்டார்.”

“எனக்குத்தான்,” என்றார் அந்த அம்மாள். “வீடு வந்து சேரும்போது பொடிப்பொடியா இருக்கும். சொல்லு, வேற என்ன செஞ்சார்?”