சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு குளவிக்கூடு

எங்கள் சிட்லபாக்கம் வீட்டில், சுவிட்ச் போர்டுக்கு மேலே ஒரு குளவி மண்கூடு கட்டத் தொடங்கியது. சுரண்டப் போன என் கையை மாமியார் பிடித்துக்கொண்டார். "கலைக்காதேம்மா. குளவி கூடு கட்டினா வீட்ல குழந்தை பிறக்கும்."

கல்யாணமாகி ஆறு வருஷம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"மண்ணு கொண்டு வர்றது பொண்டாட்டி, சிலந்தி பிடிச்சிட்டு வர்றது புருஷன். என்ன ஒத்துமை பாரு!" என்பார் தினமும். அது குத்தலா, ஆசையா என்று புரியாது.

அவர் வாயை அடைக்கவே படமெடுத்து, பூச்சிகளைப் பற்றிப் பேசும் வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். சிலந்தி வேட்டையாடும் குளவியாம். மண் சுமப்பதும் சிலந்தியைக் கொட்டி மயக்குவதும் பெண்தான். ஆணுக்குக் கொடுக்கே கிடையாதாம். ஆக, வந்துபோனது ஒரே ஒருத்தி. முட்டையிட்டுக் கூட்டை மூடியதும் போய்விடுவாளாம். குட்டிக் குளவி தானே ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வருமாம்.

படித்துக் காட்டினேன். மாமியார் முகம் வாடிவிட்டது. "பெத்ததைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாளா?"

அதற்குப் பிறகு அவர் கூட்டின் பேச்சையே எடுக்கவில்லை. எனக்கு ஜெயித்த மாதிரியும் இருந்தது, எதையோ உடைத்துவிட்ட மாதிரியும் இருந்தது.

கூட்டில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று காலையில் எழுந்ததும் பார்ப்பது இப்போது நான்தான்.