பன்னிரண்டு கையும் இரண்டு அங்குலமும்

எருமப்பட்டித் திருவிழாவின் குதிரை வண்டிப் பந்தயத்தில் உயரம் அளக்கும் பொறுப்பு, கல்லூரியில் கணிதம் பயின்றவன் என்பதால், என்னிடம் வந்தது. நாற்பத்தொன்பது அங்குலத்தைத் தாண்டிய குதிரை சிறிய குதிரைப் பிரிவில் ஓடக்கூடாது என்பது விதி.

நயா பைசா வந்து, எல்லாரும் கணக்கில் தசமப் புள்ளி வைக்கத் தொடங்கிய புதிது. முறுக்கு மீசைக்காரர் ஒருவர் தம் குதிரையோடு வந்தார். அதன் நெஞ்சைச் சொறியாமல் அவருக்குப் பேச வராது.

“குதிரை உசரம் பன்னெண்டு புள்ளி ரெண்டு கைங்க. கைக்கு நாலு அங்குலம். பெருக்குனா நாப்பத்தொம்போதுக்குள்ளதானுங்க வருது.”

“அது நயா பைசாப் புள்ளி இல்லீங்க. பன்னெண்டு கையும், மேல ரெண்டு அங்குலமும்னு அர்த்தம். ஆக, அம்பது. பெரிய பிரிவுக்குப் போங்க.”

“ஐயோ சாமி, அதுல உட்டா இது தூசிதானுங்க திங்கும்! கணக்க உட்டுப்போட்டுக் குதிரைய அளந்து பாருங்க.”

அவர் இன்னும் அழுத்திச் சொறிந்தார். குதிரை சுகத்தில் கண்மூடி, முன்னங்கால்களை அகட்டித் தாழ்ந்தது. அளவுகோல் சரியாக நாற்பத்தொன்பது காட்டியது. நிற்கும் தோரணை பற்றி விதியில் எதுவும் இல்லை, அனுமதித்தேன்.

குதிரை வென்றது. மாலையிடச் சென்றவன், அளவுகோலை மீண்டும் அருகில் வைத்தேன். ஐம்பது.

“ஜெயிச்ச சந்தோசத்துல ஒரு அங்குலம் வளந்துபோச்சுங்க சாமி,” என்றார் அவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

நான் சொன்ன ஐம்பது சரி. நான் அளந்த நாற்பத்தொன்பதும் சரி. இரண்டையும் சரியாக்கிய அந்த விரல்களை மட்டும் எந்தக் கணிதத்தில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.