பெரியம்மாவைக் கூப்பிட்ட பாட்டுக்காரி

மொன்ரியலில் கல்யாண மண்டபங்களுக்கு சவுண்ட் போட்டே என் தலை நரைத்தது. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேபிளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் மரிசோலைப் பற்றிச் சொல்கிறேன்.

மரிசோல் கியூபாக்காரி. கிழமை நாட்களில் வில்லரேயில் கார்டெரி என்கிற குழந்தைக் காப்பகம் ஒன்றில் பிள்ளை பார்ப்பார், சனி ஞாயிறில் ‘சோன்’ பாடுவார். சோன் என்பது அவர்கள் ஊர்ப் பழைய ஆட்டப் பாட்டு. பாதிக்கு மேல் எழுதி வைத்த வரி கிடையாது. கோரஸ் ஒரே அடியைத் திருப்பிப் பாட, பாடகி எதிரே இருப்பவர்களின் பெயரை வைத்து வரி கட்டி அவர்களை ஆட இழுக்க வேண்டும்.

அன்று புரோசார்ட்டில் நம் இலங்கைத் தமிழர் கல்யாணம். மாப்பிள்ளையின் ஆசைக்காக கியூபா பாண்ட். சவுண்ட் செக்கிலேயே பாண்ட் தலைவர் ராமோன் மரிசோலிடம் சொல்லிவிட்டார்: இன்றைக்கும் சனம் ஆடாவிட்டால் அடுத்த கிழமை முதல் இளம் பாடகிதான் முன்னால், நீ கோரஸுக்குப் போ. எழுபதை நெருங்கிய மனுசியிடம் பேசுகிற பேச்சா இது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டுத் தொடங்கியது. எங்கள் ஊர் பைலாப் பாட்டு என்றால் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்புகிற சனம், ரோல்ஸைக் கடித்தபடி சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. மரிசோல் கோரஸை ஓடவிட்டு என் மிக்ஸரடிக்கு வந்து, முன்மேசை அம்மாவின் பெயர் என்ன என்று பிரெஞ்சில் கேட்டார். அவர் கல்யாணப் பொம்பிளையின் தாய்க்குத் தமக்கை. மூத்த மனுசியின் பெயரை மைக்கில் விட எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மா என்று சொல்லிவிட்டேன்.

“பெரியம்மா, பெரியம்மா!” என்று மரிசோல் இழுத்தார் பாருங்கள்.

ஐயோ, அந்த மண்டபத்தில் எத்தனை பெரியம்மாமார்! முன்மேசை அம்மா, “என்னையோ கூப்பிடுறா?” என்று சேலையைச் செருகினார். பின்மேசையிலிருந்து இன்னொருவர், “நீ இரு தங்கச்சி, என்னைப் பார்த்துத்தான் கூப்பிட்டவ” என்று முந்திக்கொண்டு வந்தார். அவர்களின் பின்னால் மருமக்கள், பேரப்பிள்ளைகள். கோரஸையும் சனமே பாடியது. பாட்டை முடிக்க விட்டால்தானே! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கியது.

வயர் சுற்றும்போது ராமோன் வந்து, அடுத்த கிழமை கர்க்லாண்ட் கல்யாணத்துக்கும் முன் மைக் மரிசோலுக்கே என்றார். சவுண்ட்காரன் மீட்டரை மட்டும் பார்த்தால் போதாது, மண்டபத்தில் யாருக்கு என்ன முறை என்றும் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றுதான் படித்தேன்.

அது பெயரல்ல, முறை என்று மரிசோலிடம் உண்மையைச் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு பிரெஞ்சில் கேட்டார்:

“அப்ப ஆம்பிளையளை எழுப்ப என்ன சொல்லோணும்?”

“சித்தப்பா எண்டு பாடுங்கோ. பெரியப்பாமாருக்கு முழங்கால் நோவு.”