கேமராவுக்குச் சந்தனம்

எதிர்வீட்டுக்காரன் மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றும் வண்டி வைத்திருக்கிறான். அதை அவன் ரிவர்ஸ் எடுக்கும் விடியலில், என் வாசலில் நிற்கும் காரின் பின்விளக்கு உடையும். இரண்டு முறை உடைந்தது. இரண்டு முறையும் அவன் கேட்டது ஒன்றுதான்: "நான் இடிச்சத நீங்க பாத்தீகளாண்ணே?"

பார்க்கவில்லை. காரில் இருந்தது முன்கேமரா மட்டும். அது பார்த்ததெல்லாம் என் வீட்டுச் சுவர். சுவரில் வெயில், ஒரு பல்லி, மறுபடி வெயில்.

நாகல் நகரில் கார் கேமரா விற்கும் கடைக்காரர் மூன்று வகை எடுத்து வைத்தார். முன்னால் மட்டும், முன்னும் பின்னும், கூடவே உள்ளேயும் ஒன்று.

"உள்ள வேணவே வேணாம்," என்றாள் மனைவி. "நீங்க அந்த ஆளத் திட்டுறதெல்லாம் பதிவாகிரும்." பிறகு, "பின்னாடி மட்டும் எதுக்காம்? வண்டியத் திருப்பி நிறுத்துனா இருக்குற கேமராவே அவுக வாசலப் பாக்கும்ல?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தெனமும் அவன் வாசலுக்கு எங் காரு மூஞ்சியக் காட்டிக்கிட்டு நிக்கணுமாக்கும்?"

முன்னும் பின்னும் உள்ளதையே வாங்கினேன். என் வன்மத்துக்கு அன்று கண் முளைத்தது. டீக்கடையில் நின்று சத்தமாகவே சொன்னேன்: "இனிமே இடிக்கட்டும். தெருவையே கூட்டிப் போட்டுக் காட்டுறேன்."

ஆயுத பூஜை வந்தது. காரைக் கழுவிச் சக்கரம், ஸ்டீயரிங், நம்பர் பிளேட் என்று பொட்டு வைத்துக்கொண்டே பின்பக்கம் போனேன். என்னிடம் இருந்த ஒரே நிஜமான ஆயுதம் அங்கேதான் இருந்தது. கட்டைவிரலால் அழுத்தி, அதன் கண் நிறைய சந்தனம் அப்பினேன். நடுவில் குங்குமம்.

மறுநாள் காலை தரையெல்லாம் சிவப்புச் சில்லு. சொன்னபடியே தெருவைக் கூட்டினேன். போனில் படம் ஓடியது: திரை முழுக்க மஞ்சள், நடுவில் சிவப்பாய் ஒரு வட்டம். எங்கோ ஒரு இன்ஜின் உறுமியது. ஒரு 'டப்'. அவ்வளவுதான்.

முதலில் சிரித்தது டீக்கடைக்காரர். பிறகு யார் சிரிக்கவில்லை என்று தேட வேண்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரன் ஒரு முழம் கதம்பத்தோடு வந்து பானெட்டில் வைத்தான்.

"சந்தனம் வச்சீக, சரி. பூ வைக்க மறந்துட்டீகளேண்ணே."

கதம்பத்தைச் சாக்கடையில் எறிந்தேன். காரைத் திருப்பி, அவன் வாசலைப் பார்க்க நிறுத்தினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். "அன்னைக்கே சொன்னேன்ல" என்று குத்திக்காட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

துடைத்துவிட்ட பின்கேமரா இப்போது இரவும் பகலும் என் சுவரைக் காவல் காக்கிறது. பல்லி இன்னும் அங்கேதான் இருக்கிறது.