கண் பார்க்கும் பலகையில் யஹூதி

சந்தை வாசலில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவளின் பிடிவாதம் இருக்கிறதே, அடேயப்பா! யூதரான அப்பா மாட்டிய பலகையில் 'யஹூதி கண்ணாடிக் கடை' என்றிருந்தது. யூதர் என்பதற்கு அரபியிலிருந்து கிளம்பி, ஊர்ப்பட்ட மொழிகளில் போய் உட்கார்ந்துகொண்ட சொல் அது. துணிக்கடைக்காரர் மொழியில் அது வெறும் பெயர், மரியாதையாகவே கூப்பிடுவார். மூட்டை தூக்குகிறவர்களின் மேஸ்திரி பேச்சிலோ அது வசவு. யாராவது மூட்டையை நழுவவிட்டால் போதும், "யஹூதிப் பயலே!" என்று சந்தையே அதிரக் கத்துவான்.

ஒருநாள் காலை பலகையில் அந்தச் சொல்லின்மேல் மட்டும் தார் அப்பியிருந்தது. யார் வேலை என்று விசாரிக்கவே வேண்டாம். மேஸ்திரியின் சட்டைக் கையிலும் தார்.

"பேரை மாத்திடலாம்க்கா. நமக்கெதுக்கு வம்பு? வர்றவங்களும் வராம போயிடுவாங்க," என்று தம்பி கெஞ்சினான்.

"அப்பா பேரே யாருக்கும் தெரியாதுடா. இதைச் சொல்லித்தான் தேடி வந்தாங்க. மாத்தமாட்டேன்னா மாத்தமாட்டேன்."

ஆனால் தாரை அவள் சுரண்டவில்லை. உள்ளே போய், கண் சோதிக்கும் பலகையைக் கழற்றி வெள்ளையடித்தாள். மேலே பெரிதாகவும் கீழே போகப் போகப் பொடியாகவும் சொற்களை எழுதினாள். ஒரே சொல் என்றால் மனப்பாடம் பண்ணிவிடுவார்களே! அதனால் அரிசி, வாளி, கதவு என்று கலந்துகட்டி, வரிக்கு ஓரிடத்தில் யஹூதியையும் செருகினாள்.

மேஸ்திரியே ஒருநாள் வந்து நின்றான். மூட்டையில் எழுதியிருப்பது தெரியாமல் சரக்கை மாற்றி ஏற்றிவிட்டானாம். கண்ணாடி போட்டால்தான் வேலை என்று முதலாளி சொல்லிவிட்டாராம். சந்தையில் வேறு கண்ணாடிக் கடை கிடையாது.

"அரிசி... கதவு..." என்று படித்தவன் நின்றுவிட்டான்.

"ம், அடுத்தது?"

"அது வசவாச்சேக்கா."

"உங்க வாய்ல வசவு. இங்க அது எங்கப்பா. சத்தமாப் படிங்க மேஸ்திரி."

"யஹூதி," என்று முணுமுணுத்தான். அடுத்த வரியிலும் அதுவே. அதற்கடுத்த வரியிலும். கத்துவதற்குக் கோபம் வேண்டுமே, அதற்கு எங்கே போவான்? நாலாவது வரியில் வாளியைச் சொல்வதுபோலவே சொல்லிவிட்டான். தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினான்.

கண்ணாடி தயாரான அன்று, போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். எதிர்க்கடை ஆணிவரை பளிச்சென்று தெரிந்தது. திரும்பி அண்ணாந்து பார்த்தான். தாரில் தன் விரல் தடம்கூடத் தெரிந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

"துடைக்க மண்ணெண்ணெய் இருக்காக்கா?"

"அன்னைக்கே வாங்கி வெச்சுட்டேன். ஏணி உள்ள இருக்கு, எடுத்துட்டு வாங்க."