திருப்பிக் கொடுக்காத போத்தல்கள்

என் அலுமாரியின் மேல்தட்டில் பச்சை நிறத் தகரப் பிளாஸ்க் ஒன்று இருக்கிறது. மூடியில் துரு, பக்கத்தில் ஒரு நசுக்கல். வீடு துப்புரவாக்குகிறேன் என்று யாராவது அதைத் தூக்கினால் உள்ளே கண்ணாடி கலகலக்கும். "உள்கண்ணாடி உடைஞ்சுபோச்சு மாமி, எறிவமா?" என்று என் மருமகள் கேட்காத பொங்கல் இல்லை. உடையவில்லை என்று வாங்கி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவேன். எறிகிற கையை முறிப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.

எனக்குச் சீனி வருத்தம் வந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அது வயதானவர்களின் வருத்தம் என்றுதான் எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். குடம் குடமாகக் குடித்தும் தாகம் அடங்காமல், எலும்பும் தோலுமாகிவிட்ட என்னை மூதூரில் லோஞ்ச் படகில் ஏற்றி, கொட்டியார்க் குடாவைக் கடந்து திருகோணமலைக்குக் கொண்டுபோனார்கள். துறைமுகத்துக்குக் கிட்ட, கடைத்தெருவில் சிறிய மருந்தகம் வைத்திருந்த டொக்டர் ஐயா எதையும் ஒளிக்கவில்லை. "இன்சுலின் ஊசி போடாட்டி பிள்ளை ஒரு கிழமையும் தாங்கமாட்டா. ஒழுங்காப் போட்டால் என்னை விடக் கனகாலம் இருப்பா" என்றார். அப்பா முதல் பாதியை மட்டும் கேட்டு அழுதார். இரண்டாவது பாதி எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது.

அந்தப் பிளாஸ்க்கை அவர்தான் தந்தார், அக்கரையில் எங்கள் வீடு போய்ச் சேரும்வரை மருந்து சூடாகாமல் இருப்பதற்கு. வீட்டில் ஈரமணல் நிரப்பிய மண் முட்டிக்குள் வைக்கச் சொன்னார். இன்னொரு நிபந்தனையும் போட்டார்: முடிந்த போத்தலைக் கொண்டுபோய்க் காட்டினால்தான் புதுப் போத்தல் தருவார். வெறும் போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பொன் உரசிப் பார்க்கும் தட்டார் மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டியை அதற்குப் பிறகுதான் திறப்பார். அவருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் நான் நினைத்தேன்.

அந்தக் கிறுக்கு என் உயிரைக் காத்தது. அப்பா மீன் வியாபாரி. ஐஸ் பெட்டியைத் தெய்வமாக நம்பியவர். ஒரு சித்திரை வெயிலில், மணல் முட்டியை நம்பாமல், எங்களுக்குச் சொல்லாமலே போத்தல்களை மீனுக்குக் கீழே உப்புத் தூவிய ஐஸுக்குள் புதைத்து வைத்தார். காலையில் எனக்குத் தரமுன் வெளியே எடுத்துவைப்பார். நான் தவறாமல் ஊசி போட்டேன். ஆனால் சீனி போகிறதா என்று குழாயில் சிறுநீரைச் சுடவைத்துப் பார்க்கும்போது நீலமாக நிற்க வேண்டிய மருந்துத் தண்ணீர் செங்கல் நிறமாக மாறியது. மறுநாளும் சிவப்பு. அதற்கு மறுநாளும். பழைய தாகம் திரும்பி வந்து வாசலில் நிற்பது எனக்குத் தெரிந்தது. அம்மா இரவில் நனைந்த என் போர்வைகளைத் தோய்த்துக் காயப்போட்டா.

என்னைத் தூக்கிக்கொண்டு போனபோது டொக்டர் ஐயா முதலில் கேட்டது வெறும் போத்தலைத்தான். வெளிச்சத்தில் பிடித்தார். உட்சுவரெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

"இதை எங்க வைச்சனீங்கள்?"

"ஐஸுக்குள்ள ஐயா. மீனே கெடாது, மருந்து கெடுமே எண்டு..."

"மீன் செத்த பிறகு ஐஸுக்குப் போறது. இந்த மருந்து ஐஸுக்குள்ள போய் உறைஞ்சுதான் சாகுது" என்றார். கோபப்படுவார் என்று பார்த்தோம். அப்பாவைக் கதிரையில் இருத்தி, தேத்தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டு, எனக்குப் புதுப் போத்தலிலிருந்து ஊசி போட்டார். குழாய் மறுபடி நீலமாகும் வரை என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்த மனிதரில் நான் வைத்த அன்பு அன்றைக்குத் தொடங்கியது.

கடைசியாக அவரைப் பார்த்தது எண்பதுகளின் தொடக்கத்தில். கலவரம் வரப்போகுதாம் என்று அன்று லோஞ்சில் கதைத்தார்கள். கடைத்தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. திறந்திருந்தவர்களும் வாசலில் நின்று தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம்போல வெறும் போத்தலை நீட்டினேன். டொக்டர் ஐயா அதைத் தொடவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து, என் பிளாஸ்க் கொள்ளுமட்டும் புதுப் போத்தல்களை அடுக்கினார்.

"ஐயா, வெறும் போத்தல் பார்க்கேல்லையே?"

"இந்த முறை வேண்டாம் பிள்ளை. மற்ற ஆக்களுக்கும் இப்பிடித்தான் குடுத்தனுப்புறன்."

"அடுத்த மாசம் எல்லாத்தையும் சேர்த்துக் கொண்டுவாறன்."

"ஓம், கொண்டு வாங்கோ" என்றார். அவருடைய கண் என்னில் இருக்கவில்லை, தெருவில் இருந்தது. "நீங்களும் எங்களோட அக்கரைக்கு வாங்கோவன் ஐயா" என்று அப்பா கேட்டார். நோயாளிகள் இன்னும் வரவேண்டியிருக்கிறது என்று சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

சில நாட்களில் குடாவுக்கு அப்பால் புகை எழுந்தது. நாங்கள் கரையில் நின்று பார்த்தோம். லோஞ்ச் நின்றது. பாதை அடைபட்டது. ஊரில் அரிசிக்குத் தட்டுப்பாடு, மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. என் முட்டிக்குள் மட்டும் மருந்து இருந்தது. ஒவ்வொரு காலையிலும் ஊசியை ஏற்றும்போது அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

பாதை திறந்ததும் போனோம். மருந்தகத்துக்குக் கூரை இல்லை. கரிந்த சுவர்களுக்கு நடுவே அந்தக் குளிர்ப்பெட்டி கதவு திறந்தபடி சரிந்து கிடந்தது. யாழ்ப்பாணம் போய்விட்டார் என்றார் ஒருவர். கப்பலேறியதைக் கண்டேன் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் கேள்வியைக் கேட்டதும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். நான் பலகாலம் விசாரித்தேன். டொக்டர் ஐயா எங்கே போனார் என்று இன்றைக்கும் தெரியாது.

இப்போது பேனை மாதிரி ஒரு ஊசி வந்துவிட்டது. முடிந்ததும் குப்பையில் போடச் சொல்கிறார்கள். எதையும் திருப்பிக் கேட்பதில்லை. நான் டொக்டர் ஐயாவின் அன்றைய வயதைத் தாண்டியும் இருக்கிறேன். பிளாஸ்க்குக்குள் கலகலப்பது அவர் கடைசியாகத் தந்த போத்தல்கள். எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு முடித்திருக்கிறேன். இடைக்கிடை ஒன்றை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். ஒன்றிலும் பொருக்கு இல்லை. கழுவிக் காயவைத்து, அவரிடம் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன்.