கடத்தூர் சாலையில் நிலம் உயர்ந்த கதை

யுத்தத்துக்குச் சில வருஷம் முன்பு, கடத்தூரிலிருந்து கம்பைநல்லூர் வரை சாலையோரம் அளவைக் கற்கள் நட்டோம். ஒவ்வொரு கல்லின் தலையும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுவது என் வேலை. பிறகு வந்து மறுபடி அளந்தால் அடியில் பூமி அசைகிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் அதிகாரிக்கு அதே பைத்தியம். "வடக்கே மட்டுந்தான் பூகம்பமா? இங்கேயும் பாறை மெல்ல அசையுதுய்யா" என்பார். மேலிடத்தில் சிரித்தார்கள். அளந்து நிரூபிக்கிறேன், இல்லாவிட்டால் உத்தியோகமே வேண்டாம் என்று சவால் விட்டுவிட்டார் மனுஷன்.

யுத்த காலத்தில் திரும்பிப் போனோம். போன தடவை அளவு தொடங்கிய, பாறையில் செதுக்கிய குறியிலிருந்தே தொடங்கினோம். முதல் கல் விரல் தடிமன் உயர்ந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்! ஒரு கல் என்றால் வண்டி இடித்தது எனலாம், வழிநெடுக எல்லாமுமா? அதிகாரி சந்தோஷத்தில் குழந்தை மாதிரி அழுதார். "ஓடுய்யா, தந்தி கொடு!" மொரப்பூர் ஸ்டேஷனுக்கு சைக்கிளில் பறந்தேன். நிலம் உயர்கிறது என்று தந்தி போயிற்று.

நான் திரும்பி வந்தபின் இருவருமாகப் போனால், கம்பைநல்லூரில் கடைசிக் கல்லைச் சுற்றிக் கூட்டம். மஞ்சள், குங்குமம். அது புதிதில்லை, எல்லாக் கல்லிலும் பொட்டைத் துடைத்துவிட்டுத்தான் அளந்திருந்தோம். ஆனால் இங்கே ஒருவர் கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்புகிறார்! ஓர் அம்மாள் சந்தில் சரளையைத் திணிக்கிறாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, என்ன பண்றீங்க?" என்று கத்தினேன்.

"மழையில சாமி மண்ணுக்குள்ள எறங்கிருதுங்க. வருசா வருசம் கொஞ்சம் தூக்கி வெப்போம்," என்றார் கடப்பாரைக்காரர்.

"இதைச் சாமின்னு யார் சொன்னது?"

அந்த அம்மாள் அதிகாரியைக் கைகாட்டினாள். "இந்த ஐயாதானுங்க நடறப்பத் தேங்கா ஒடச்சு சூடம் காட்டுனாரு. கும்புடாம வுட்டா ஊருக்கு ஆவுமுங்களா?"

அவள் சொன்னது நிஜம். பூஜை போடாமல் குழி தோண்டமாட்டோம் என்று ஆட்கள் அடம்பிடிக்க, வேலை நடந்தால் சரி என்று ஒவ்வொரு கல்லுக்கும் தேங்காய் உடைத்தவர் அவரேதான்.

"எல்லா ஊர்லயுமா?" என்று கேட்டார் அதிகாரி.

"எல்லா ஊர்லயுந்தானுங்க."

சாலையோரப் புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னை நிமிர்ந்து பார்த்து, "தந்தி?" என்றார்.

"போய்ச் சேர்ந்திருக்கும் சார்."